மிதவை சொன்ன நேரம்

மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடை ஏற வேண்டும் என்று சொன்னபோதே குணசுந்தரிக்கு ரத்தம் கொதித்தது. அதுவும் காலிக் கூடையாம். உள்ளே போட பிளாஸ்டிக் மீன் வாங்கி வைத்திருக்கிறார்களாம்.

“ஏன், நெஜ மீனு இன்னாத்துக்கு ஆவாது?” என்று கேட்டாள்.

“வாசனை வரும்க்கா. பிரெஞ்சுக்காரங்க முன்வரிசையில ஒக்காருவாங்க” என்றான் பாரி.

இருபத்தைந்து வருடமாக மீன் விற்கிறவளிடம் மீன் நாறும் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். பாரிக்கு அந்தத் தைரியம் நிறைய இருந்தது. திருவொற்றியூர் கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் ‘இசையும் கடலும்’ விழாவுக்கு அவன்தான் பொறுப்பு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன், வாயில் ஒரே ஒரு பதில். எதைக் கேட்டாலும் ‘பண்ணிடலாம்க்கா’ என்பான். அவன் எதையாவது பண்ணி முடித்து குணசுந்தரி இதுவரை பார்த்ததில்லை.

“இந்தா பாரு தம்பி. பத்து வாட்டி சொல்லிட்டேன். நான் ஆடவும் வரல, பாடவும் வரல. அந்த வெள்ளக்காரம்மா கைல ஒரே ஒரு கேள்வி கேக்கணும். ஊரு முன்னால, மைக்குல கேக்கணும். அதுக்குத்தான் அந்தக் கொழாய குடுக்க ஒத்துகினேன். அது கீதா உன் லிஸ்ட்ல?”

பாரி தாளைப் புரட்டினான். “குத்துவிளக்கு, வரவேற்பு, கண்காட்சி, மீனவப் பெண்கள் கூடை நடனம், பிரெஞ்சு இசை, மிதவை ஒப்படைப்பு, நன்றியுரை...”

“கேள்வி?”

“பண்ணிடலாம்க்கா.”

தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கூடை நடனம் ஆட வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று வாசலிலேயே கத்திச் சொல்லிவிட்டுத்தான் ஷேர் ஆட்டோ ஏறினாள்.

கொழாய் என்று அவள் சொன்னது ஓர் ஆள் உயர மஞ்சள் உருளை. உச்சியில் கம்பி, இடுப்பில் வளையம், அடியில் புரியாத எழுத்து. பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானிகள் கடலில் விட்ட மிதவை அது. தானாகவே ஆழத்துக்கு இறங்கும், சூடு எவ்வளவு உப்பு எவ்வளவு என்று அளக்கும், மேலே வந்து அளந்ததை வானத்துக்குச் சொல்லும். இரண்டு வருடம் வங்காள விரிகுடாவைச் சுற்றிவிட்டு, கடைசியில் கரைப் பக்கம் ஒதுங்கி, குணசுந்தரியின் புருஷன் எத்திராஜின் வலையில் வந்து மாட்டிக்கொண்டது. மாட்டிய நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஏழரை.

நடந்தது மார்ச் மாதம். குப்பத்தில் ஏகாம்பரம் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், சாயங்காலமானால் அடுத்தவன் வலைக்குக்கூடத் தானே உட்கார்ந்து ஒட்டுப் போட்டுக்கொடுப்பார். ஒரு சனிக்கிழமை இரவு படுத்தவர், ஒரு மணி வாக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கோயில் மைக்கில் உடனே சொன்னார்கள். அந்தக் குப்பத்தில் சாவு விழுந்துவிட்டால், பிணம் எடுக்கிற வரைக்கும் கடலில் ஒரு துடுப்புகூட நனையக் கூடாது. அது எந்த அரசாங்கமும் போட்ட சட்டம் இல்லை. ஆனாலும் அதை மீறி யாரும் படகு தள்ளியதாகக் கிழவர்களுக்குக்கூட ஞாபகம் இல்லை.

மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எத்திராஜின் பைபர் படகு பக்கத்தில் இந்த மஞ்சள் உருளை கிடந்தது. வலை ஈரமாக இருந்தது.

“பொணம் வூட்ல கெடக்க சொல்லோ இவன் போய் வலை இஸ்துகினு வந்துகீறான்” என்றது ஊர்.

“இல்ல. நான் சனிக்கெழம ராத்திரி பன்னண்டுக்கெல்லாம் கரையேறிட்டேன். சாவு சேதி அப்பால தான் வந்துச்சி” என்றான் எத்திராஜ்.

சாட்சிக்கு ஆள் இல்லை. படகில் கூடப் போகிற கொழுந்தனும் குணசுந்தரியும் அன்றைக்குச் சடையங்குப்பத்தில் நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தார்கள். சாவு சேதி கேட்டு அவள் ஓடிவந்தபோது ஞாயிறு காலை ஒன்பது மணி. ஆக, அவளிடம் இருந்தது புருஷன் சொன்ன வார்த்தை ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாலு மாதமாக நின்றாள்.

கிராமத்தார் கூடினார்கள். ஊர்த் தலைவர் வேலப்பன் தீர்ப்பு சொன்னார். எத்திராஜ் உண்மையை ஒத்துக்கொண்டு, ஏகாம்பரத்தின் பெண்சாதி மலர்க்கொடி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிற வரை படகு கடலில் இறங்கக் கூடாது. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. ஆடி மாதம் அம்மனுக்கு வார்க்கிற கூழுக்கு அவன் வீட்டுக் கேழ்வரகு மாவு சேராது.

“வுடுமே. கால்ல வுய்ந்துட்டா போச்சி. மலரண்ணி நம்ம வூட்டு மன்சி மாதிரி தானே” என்று அன்றைக்கு ராத்திரியே எத்திராஜ் சொன்னான்.

குணசுந்தரி எரிந்து விழுந்தாள். “செய்யாத தப்புக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு? நீ வுய்ந்தா செஞ்சேன்னு ஆய்டும். நாளைக்கு நம்ம புள்ளைங்கள இன்னான்னு சொல்வாங்க? கம்முனு கெட.”

அவன் கம்மென்று கிடந்தான். அதுதான் அவளுக்கு அடுத்த எரிச்சல். பஞ்சாயத்தில் அவள் கத்துவாள், இவன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பான். அந்த உருளையை ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்து, அது என்றைக்குக் கடலைவிட்டு வந்தது என்று எழுதி வாங்கலாம் என்று அலைந்ததும் அவள்தான். முதல் அலுவலகத்தில் அது எங்கள் துறை இல்லை என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் குண்டா என்று கேட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றார்கள். மூன்றாவதில் போட்டோ எடுத்துக்கொண்டு, அதிலும் தாங்கள்தான் முன்னால் நின்று, போய்வா என்றார்கள். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தால், வீட்டு வாசலில் காயலாங்கடைக்காரன் நிற்கிறான். எத்திராஜ் அந்த உருளையைத் தூக்கி அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

“யோவ், உனக்கு மூளை கீதா இல்லியா? நமக்கு கீற ஒரே சாட்சி அதுதான்யா.”

“எடத்த அடச்சிகினு கீது. பேஜாரா கீதுமே” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மிதவையை வண்டியிலிருந்து இறக்கி, வீட்டு முன்னால் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மழை வந்தால் பழைய புடவையைப் போர்த்தினாள். நாளடைவில் அதன் கம்பியில் துணி உலர்ந்தது. வெள்ளிக்கிழமை வாசல் தெளிக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

இத்தனையிலும் அவளைத் தூங்கவிடாதது படகு இல்லை, மலர்க்கொடி. மார்க்கெட்டில் இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துப் பலகை. ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் இன்னொருத்தி இரண்டு கூடையையும் விற்றுக்கொடுப்பாள். டீ வந்தால் ஒரே கிளாஸில் பாதி பாதி. ஏகாம்பரத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடைக்கு வந்த மலர்க்கொடி, தன் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் அந்தக் கோடியில் போட்டாள். திட்டவில்லை, சபிக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் குணசுந்தரியும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஜூன் கடைசியில் ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் வந்து, வாசலில் நின்ற உருளையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். ராயபுரத்துப் பெண், பெயர் வினிதா, கல்லூரியில் பிரெஞ்சு படிக்கிறவள்.

“ஆன்ட்டி, இந்த மிதவை இன்னும் சிக்னல் குடுத்துகினே கீது. மூணு மாசத்துக்கு மேல நகராம ஒரு வூட்டு வாசல்ல நிக்குதேன்னு பிரான்ஸ்ல தேடிகினு இருந்தாங்க. எங்க காலேஜுக்கு எழுதி என்ன அனுப்பினாங்க” என்றாள்.

குணசுந்தரிக்கு அந்த உருளையின் மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. மேலே காய்ந்துகொண்டிருந்த ஜாக்கெட்டை அவசரமாக எடுத்தாள்.

“அப்போ இது எப்போ கடல வுட்டு வெளிய வந்துச்சின்னு அவங்களுக்கு தெரியுமா?”

“தேதி, மணி, நிமிஷம் எல்லாம் பதிவாயிருக்கும் ஆன்ட்டி. தண்ணி சூடு வேற, காத்து சூடு வேற இல்ல? தூக்கின ஒடனே தெரிஞ்சிடும்.”

எத்திராஜ் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதிச் சோற்றில் கை கழுவினான். அப்போதும் இந்தப் பைத்தியக்காரிக்கு எதுவும் தோன்றவில்லை. மனுஷனுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளை ஒட்டி விழா எடுக்கிறார்கள், மிதவையின் கணக்குகளை வைத்தே அங்கே ஒருவர் இசை அமைத்திருக்கிறார், அதை இங்கேயே வாசித்து, மிதவையையும் மேடையில் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று வினிதா சொன்னாள். குணசுந்தரி ஒரே நிபந்தனை போட்டாள். மேடையில் எல்லார் முன்னாலும் நேரம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தனியாக யாரிடமும் சொல்லக் கூடாது. அவளுக்கே சொல்லக் கூடாது. முன்கூட்டிப் பேசிவைத்தோம் என்று ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

அப்புறம் குப்பத்தில் வீடு வீடாகப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களிடமும் சொன்னாள். வேலப்பன் வீட்டு வாசலில் நின்று, “தலைவரே, மெஷினுக்கு மாமன் மச்சான் கெடையாது. அது சொல்றத கேட்டுட்டு தீர்ப்ப மாத்துங்க” என்றாள். அவர் வருவதாக ஒத்துக்கொண்டார். மலர்க்கொடி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கதவைப் பார்த்தே சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு என்று போட்டிருந்த விழா ஆறேகாலுக்கு ஆரம்பித்தது. குத்துவிளக்கில் ஐந்து திரி. ஏற்ற ஒன்பது பேர். கடைசி நாலு பேரும் ஏற்கெனவே எரிந்த திரியையே மறுபடி ஏற்றினார்கள். வரவேற்புரை சொன்னவர் நெய்தல் நிலத்தில் ஆரம்பித்து, சோழர் கப்பல் படைக்கு வந்து, அங்கேயே நங்கூரம் போட்டுவிட்டார். குப்பத்து ஜனம் பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. கூடை நடனத்துக்கு யாரோ கல்லூரிப் பெண்களைப் பிடித்து வந்திருந்தான் பாரி. அவர்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெளிந்ததைப் பார்த்து மீன்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மலர்க்கொடி வந்திருந்தாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். சிரிக்கவில்லை.

குணசுந்தரி மேடை ஓரத்தில் மிதவையோடு நின்றாள். மிதவைக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். எத்திராஜுக்கு ஒரு சால்வை. அவன் அதைத் தோளில் போடாமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். “தலை சுத்துதுமே, வூட்டுக்குப் போவட்டா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டான்.

“கால் மணி நேரம் நில்லுய்யா. உனக்கோசரம் நாலு மாசமா நாயா பேயா அலையறேன். உன்னால கால் மணி நேரம் நிக்க முடியலியா?”

பிறகு இசை ஆரம்பித்தது. இரண்டு பேர்தான். மடியில் துருத்தி போன்ற அக்கார்டியன் வைத்துக்கொண்டு ஒருவர், முழங்காலுக்கு நடுவே பெரிய செல்லோவை நிறுத்திக்கொண்டு ஒரு பெண். மிதவை ஆழத்துக்குப் போகும்போது செல்லோ, மேலே வரும்போது அக்கார்டியன் என்று வினிதா மைக்கில் விளக்கினாள். தண்ணீர் சூடானால் சுரம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். பின்னால் திரையில் கடல் படத்தில் ஒரு சிவப்புக் கோடு நகர்ந்தது.

முதல் ஐந்து நிமிடம் குணசுந்தரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எவனோ கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான் என்றுதான் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல அது கீழே போவதும் மேலே வருவதும் காதுக்குப் பழகியது. கரை நெருங்க நெருங்க செல்லோ குறைந்து, அக்கார்டியன் மட்டும் சூடேறிக்கொண்டே வந்தது. பின்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், “எண்ணூர் கிட்ட வந்துட்டான் பாரு, பவர் ஹவுஸ் தண்ணி காயுது” என்று சத்தமாகச் சொன்னார். குப்பமே தலையாட்டியது. விளக்கவுரை இல்லாமலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் ஒற்றைச் சுரம் ஒன்று நீண்டு, நீண்டு, சட்டென்று அறுந்தது. அந்த இடத்தில்தான் எத்திராஜ் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கினான். குணசுந்தரி மிதவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

கைதட்டல் அடங்கியதும் பாரி மைக்கைப் பிடித்தான். “நேரம் ஆகிட்டதால மிதவையை இப்போ ஒப்படைச்சிட்டு, நன்றியுரைக்குப் போயிடலாம்.”

கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதை என்பது இதுதான். குணசுந்தரி மிதவையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு மேடையில் சப்பென்று உட்கார்ந்தாள். வாங்கிக்கொள்ள வந்த எலோடி என்ற விஞ்ஞானி அம்மாள் திகைத்து நின்றாள்.

“அக்கா, பண்ணிடலாம்க்கா, எழுந்திருங்க” என்று பாரி கெஞ்சினான்.

“நீ இதுவரிக்கும் பண்ணதே போதும் தம்பி. மைக்க அந்தப் பொண்ணு கைல குடு.”

வினிதா மைக்கை வாங்கி, பிரெஞ்சில் கேள்வியைக் கேட்டாள். எலோடி சிரித்தபடி மடிக்கணினியைத் திறந்தாள். பின்வரிசையில் ஜனம் எழுந்து நின்றது. வேலப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். எலோடி திரையைப் பார்த்து மெதுவாகப் படித்தாள். வினிதா அதைத் தமிழில் சொன்னாள்.

“மார்ச் மாசம், சனிக்கிழமை, ராத்திரி பதினொன்னு பத்துக்கு மிதவை தண்ணிய விட்டு வெளிய வந்திருக்கு.”

மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாவு ஒரு மணிக்கு. மிதவை பதினொன்று பத்துக்கு. கணக்குப் போட விஞ்ஞானி வேண்டியதில்லை. வேலப்பன் மேடைக்குக் கீழே நின்று கை கூப்பினார்.

“எத்திராஜு, ஊரு தப்பா நென்ச்சிடுச்சிப்பா. நாளைக்கே படக எறக்கு. நானே வந்து தள்றேன்.”

குணசுந்தரி அழுதாள். நாலு மாதமாக யார் முன்னாலும் அழுததில்லை. மிதவையின் மாலையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் எலோடி இன்னும் மடிக்கணினியை மூடவில்லை. வினிதாவைத் தொட்டு, திரையின் ஓரத்தில் எதையோ காட்டி ஏதோ சொன்னாள். வினிதாவின் முகம் மாறியது. மைக்கை அணைத்துவிட்டுக் குணசுந்தரியின் பக்கத்தில் குனிந்தாள்.

“ஆன்ட்டி, ஒரு தப்பு நடந்துடுச்சி. அந்த மணி நம்ம ஊரு மணி இல்லியாம். கடல்ல கீற எல்லா மிதவைக்கும் ஒரே கடிகாரமாம், லண்டன் பக்கத்து டைம். நம்ம ஊரு அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி.”

“அதனால இன்னா?”

“இங்க அப்போ ஞாயித்துக்கெழம ஆன்ட்டி. காலையில நாலு நாப்பது.” வினிதா மைக்கைக் காட்டினாள். “மைக்குல திருத்திச் சொல்லவா, வேணாமா?”

குணசுந்தரி எத்திராஜைப் பார்த்தாள். வினிதா சொன்னது அவன் காதில் விழுந்திருக்க முடியாது, ஆறடி தள்ளி நின்றான். ஆனாலும் அவள் பார்த்த பார்வையிலேயே அவன் தலை தொங்கிவிட்டது. பாதிச் சோற்றில் கை கழுவியது, காயலாங்கடை வண்டி, தலைசுற்றல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று தன்னையே நொந்துகொண்டாள்.

எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்து, மேடைத் திரைக்குப் பின்னால் இழுத்தாள்.

“சொல்லு.”

“சாய்ங்காலம் வலைய வுட்டுட்டு வந்தேன்மே. விடிகாலைல எட்க்கலாம்னு. ஒரு மணிக்கு சேதி வந்துச்சி. வலை அங்கயே கெடந்தா அந்தப் பக்கம் போற கப்பலு எதுனா அறுத்துகினு பூடும். போன வருஷம் அப்டித்தான் ஒரு வலை பூட்ச்சி. அதான் சத்தம் போடாம போனேன். மாட்ன மீன அத்தினியும் கடல்லயே கொட்டிட்டேன். அண்ணன் சாவுல ஒரு மீனுகூட எட்த்தாரல.”

“என் கைல ஏன் சொல்லல?”

“மொத நாளே கால்ல வுய்றேன்னு சொன்னேன். நீதான் கம்முனு கெடன்ன. அப்பால நீ ஊரு ஊரா கத்திகினு போக சொல்லோ எப்டி சொல்றது?”

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாலு மாதத்தில் ஒரு நாள், உட்கார வைத்து, நெஜமா சொல்லுய்யா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரிடம் கேட்டாள், மூன்று அலுவலகத்தில் கேட்டாள், கடல் தாண்டி பிரான்ஸ் வரைக்கும் கேட்டாள். வீட்டில் கேட்கவில்லை.

“இப்போதான் எல்லாம் சரியா பூட்ச்சே. வுட்டுடுமே. அந்தப் பொண்ணு சொல்லாது” என்றான் எத்திராஜ் சின்னக் குரலில்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு மலர்க்கொடி வந்தாள். கிட்டே வந்து குணசுந்தரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு பட்ட கை. ஐஸில் கிடந்து காய்த்துப்போன கை.

“நான் ரொம்ப தப்பு பண்ணிட்டேன்டி. அந்த மன்சன் செத்த துக்கத்துல கண்ணு அவிஞ்சி பூட்ச்சி. நாளைக்கு என் பலகைய பழைய எடத்துலயே போட்டுக்கவா?”

குணசுந்தரி வாயைத் திறந்தாள். ஆமாம்க்கா என்று சொன்னால் போதும். படகு இறங்கும், மாவு சேரும், பலகை பக்கத்தில் வரும். டீ வரும், பாதி பாதி. மலர்க்கொடி அவள் பதிலுக்காகக் குழந்தை மாதிரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரு மலரக்கா” என்றாள். கையை விடுவித்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். “நாலு மாசம் உனக்கோசரம் நான் பேசினேன். இப்ப போய் நீ பேசு.”

“சுந்தரி...”

“மைக்கு அங்க கீது. போ.”

அவன் அசையவில்லை. அவள் திட்டுவாள், தள்ளுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் சும்மா நின்றாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. கக்கத்துச் சால்வையைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் போனான். பாரி அங்கே எல்லாரையும் குழுப் படத்துக்கு வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான். எத்திராஜ் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

“அந்த மணி வெள்ளக்காரன் ஊரு மணியாம்” என்றான். “நம்ம ஊருக்கு ஞாயித்துக்கெழம விடிகாலைல நாலு நாப்பது. ஏகாம்பரம் அண்ணன் வூட்ல கெடக்க சொல்லோ நான் கடல்ல எறங்கினேன். வலைக்கோசரம் எறங்கினேன். மீனு எட்த்தாரல. ஆனா எறங்கினேன். என் பொஞ்சாதிக்கும் பொய் சொன்னேன். அவளுக்கு இப்பதான் தெரியும்.”

பிரெஞ்சுக்காரர்கள் வினிதாவைப் பார்த்தார்கள். வினிதா அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை.

எத்திராஜ் திரைக்குப் பின்னால் வந்து மலர்க்கொடியின் காலில் விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவனைத் தூக்கவும் இல்லை.

“அவரு இர்ந்திருந்தா உன் வலைய அவரே போய் எட்த்துகினு வந்திருப்பாரு” என்றாள் மலர்க்கொடி. “என் கைல வந்து கேட்டிருந்தா நானே போன்னு சொல்லியிருப்பேன். ஏந்துரு.”

அவன் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். மலர்க்கொடி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குணசுந்தரி பக்கம் திரும்பினாள்.

“படகு வெசயம் தலைவரு சொல்வாரு. அதுல நான் தலையிட மாட்டேன். கூழுக்கு ஒரு படி மாவு நீ எட்தா. உன் கையால குடு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், அவன் மூஞ்சிய கொஞ்ச நாளைக்கு நான் பாக்க வேணாம்.”

“நானுந்தான்க்கா” என்றாள் குணசுந்தரி.

மலர்க்கொடிக்கு உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. வெளியே பாரி நன்றியுரைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான். மிதவையைக் காரில் ஏற்ற நாலு பேர் தூக்கினார்கள். குணசுந்தரி ஓடிப்போய் அதன் கம்பியில் மாட்டியிருந்த தன் வீட்டுத் துணிக் கிளிப் இரண்டையும் கழற்றிக்கொண்டாள்.